அக்கா போட்ட நித்தியமல்லிப் பதியன்

அம்மன் பாதம் பணிந்து எழுதுகிறேன். எங்கள் அக்கா மறைந்து இன்றோடு ஓராண்டு. நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் உறவுகள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பாகூரை அடுத்த எங்கள் பூர்வீக வீட்டில் தலைப்பிள்ளையாகப் பிறந்தார். தவளக்குப்பத்தில் வாழ்க்கைப்பட்டார். மாமா காலமான பின், பிள்ளையில்லாத அவரை நாங்கள் போய் அழைத்து வந்தோம். அன்று முதல் நடவுக்கு ஆள் சொல்வதும், கரும்பு வெட்டுக்குச் சோறு கொண்டுபோவதும் அவர் பொறுப்பு. என் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்ததும் அவர்தான். வாசலோரம் நித்தியமல்லிக் கொடி வைத்திருந்தார். தினமும் குளித்து, அந்தப் பூவை அம்மனுக்குச் சாத்தி, விளக்கேற்றிய பிறகே காபி குடிப்பார். தாம் மட்டும் பூ வைத்துக்கொள்ள மாட்டார்.

மூன்று வருடத்துக்கு முன் இடுப்பெலும்பு முறிந்தது. குளியலறைப் படி ஏற முடியவில்லை. தோட்டத்துக் குழாயடியில் ஸ்டூல் போட்டுத்தான் குளிப்பாட்ட வேண்டும். ஆனால் பின்னால் இருந்த கரும்புக் கொல்லை மனையாகி, மாடி வீடு வந்துவிட்டது. அதன் பால்கனி நேராகக் குழாயடியைப் பார்க்கும். அக்கா குளிக்க மறுத்தார். குளிக்காமல் விளக்கேற்றவும் மாட்டார். மூன்று நாள் அம்மன் படத்தைத் தூரத்திலிருந்தே பார்த்து அழுதார்.

பச்சை வலை கட்டினேன், காற்று கிழித்தது. தகரம் அடிக்கலாமா என்றேன்.

“தகரத்துக்குள்ள அடைக்க நான் இன்னா கோழியாடா? நித்தியமல்லிய பதியன் போடு. வருசம் பூரா எல நிக்கும், பூவும் கெடைக்கும்” என்றார்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, தாய்க்கொடியிலிருந்து அறுக்காமலே கிளைகளை வளைத்து, கணுவில் தோலை லேசாகச் சீவி, ஆறு தொட்டி மண்ணில் புதைத்துக் கல் வைத்தேன். கொடி வளரும்வரைக்கும் என் மகளும் பக்கத்து வீட்டு அம்மாவும் சேலை பிடிக்க, என் மனைவி குளிப்பாட்டினாள். அக்கா மனசில்லாமல்தான் ஒத்துக்கொண்டார்.

மாடியில் குடியிருந்த பெண் சேதராப்பட்டு கம்பெனிக்கு ஷிப்ட் போகிறவர். சேலையைப் பார்த்துவிட்டு, “பெரிம்மா, நேரம் சொல்லுங்க. நாங்க இந்தப் பக்கமே வரல” என்றார்.

“உன் வூட்டுல நீ நில்லும்மா. நான் கொடிய வளத்துக்கறேன்” என்றார் அக்கா.

தப்பு என்னுடையது. வேர் விட்டதா என்று இரண்டு நாளுக்கு ஒருதரம் மண்ணைக் கிளறிப் பார்த்தேன். நாலு தொட்டி காய்ந்துபோனது.

“பச்ச ஒடம்புக்காரி ரூமுல எட்டி எட்டிப் பாப்பியாடா எரும? அதுக்கும் மறைப்பு வேணும்டா!” என்று திட்டினார் அக்கா.

மறுபடி போட்டோம். இரண்டு மாதம் நான் கை வைக்கவில்லை. புதுத் தளிர் ஓடிய பிறகு அறுத்து, குழாயடியைச் சுற்றி மூங்கில் தட்டியோரம் நட்டோம். அடுத்த ஆடிக்குள் தட்டி தெரியாமல் மூடி, மேலேயும் பந்தலாகக் கவிந்தது. அதன் பிறகு அக்கா குளிக்கும்போது உள்ளேயிருந்து அம்மன் பாட்டு கேட்கும். ஈரத் தலையோடு வந்து தம் கையால் விளக்கேற்றுவார்.

சென்ற ஆண்டு பொங்கலுக்குப் பிறகு சாப்பாடு குறைந்தது. ஒருநாள் காலை விளக்கேற்றிவிட்டுப் படுத்தவர் எழவில்லை.

பெண்ணுக்குக் கடைசிக் குளியல் செய்யும்போது உறவுப் பெண்கள் நாலு பக்கமும் சேலை பிடிப்பார்கள். சேலையோடு வந்தவர்களை எங்கள் அத்தை நிறுத்தினார்.

“மடிச்சி வைங்கடி. அவளே மறைப்பு கட்டி வெச்சிட்டுப் போயிருக்கா.”

நான் கொடிக்கு வெளியே நின்று தண்ணீர்க் குடத்தை நீட்டினேன். மாடியில் பால்கனிக் கதவு சாத்தியிருந்தது. அக்காவின் தலையில் பூ தானாக உதிர்ந்து கிடந்ததாம். யாரும் அதைத் தட்டிவிடவில்லை என்று மனைவி சொன்னாள்.

சேலை பிடித்த கைகளுக்கும், கதவு சாத்திய அந்த மாடி வீட்டாருக்கும், தோள் கொடுத்த பங்காளிகளுக்கும், இடுப்பு முறிந்தபோது தினம் வந்து மருந்து கட்டிய நர்சம்மாவுக்கும் எங்கள் குடும்பம் கை கூப்புகிறது.

இந்த நினைவு மலரோடு ஆளுக்கொரு பையில் அக்கா கொடியின் பதியன் தருகிறோம். வேர் பிடித்திருக்கும். நான் ஒருநாளும் கிளறிப் பார்க்கவில்லை.