ஏலத்துக்குப் போன செவலைக் கோழி

இன்று அம்பாசமுத்திரம் பேருந்தில் யாரோ ஒருவரின் கூடையிலிருந்து வந்த கோழி வாடை, விக்கிரமசிங்கபுரத்தில் மில் குடியிருப்புக்குப் பின்னால் இருந்த தகரக்கூரை வேதக்கோவிலுக்குள் என்னைக் கொண்டுபோய் விட்டது. கோவில் இருந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. விளைச்சலைக் கர்த்தருக்குப் படைக்கும் அறுப்பின் பண்டிகையன்று ஆராதனை முடிந்ததும், காணிக்கையாக வந்த பூசணியும் வாழைத்தாரும் சேவலும் ஏலத்துக்கு வரும். ஏலம் எடுத்தவர் அதையே மறுபடியும் காணிக்கையாக வைக்கலாம். பிற்காலத்தில் சபைக் கமிட்டியில் அமர்ந்து எல்லா விதிகளையும் கரைத்துக் குடித்தவன் நான். ஒரே கோழியை ஓயாமல் விற்க வகைசெய்யும் இந்த விதியைப்போல் சாமர்த்தியமான ஒன்றைக் கண்டதில்லை.

அந்த வருடம் நான் வளர்த்த செவலைக் கோழியை என்னைக் கேட்காமலே அப்பா காணிக்கை வைத்துவிட்டார். "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று தகரம் அதிர ஏலக்காரர் கூவக் கூவ எனக்கு அப்பாமேல் கோபம் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் அப்பாவே எடுத்து, கோழியை என் கையில் தந்தார்.

"முதல்ல நான் குடுத்தேம்லே. இப்ப இது உன் கோழி. குடுக்கியா, வீட்டுக்குக் கொண்டுபோறியா?"

கொடுக்க என்னிடமும் ஒன்று இருக்கிறது என்ற குதூகலத்தில் கோபம் மறந்து, ஓடிப்போய்க் காணிக்கை மேசைமேல் வைத்தேன். ஏலம் மறுபடி தொடங்கியது. எண்ணெய்க்கடை அண்ணாச்சி கேட்ட விலைக்குமேல் ஒரு ரூபாய் கூட்டிக் கத்தியதும் நான்தான். சட்டைப்பையில் சல்லிக்காசு கிடையாது.

"பிள்ளை கேக்கான், நீரு என்ன வே சொல்லுதீரு?" என்று ஏலக்காரர் அப்பாவைப் பார்த்தார்.

சபையே சிரித்தது. அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டு ஜெபம் பண்ணத் தொடங்கினார்.