ஓட்டையில்லாத ஜாடி

அம்மாவுக்கு ஒரே தம்பி. பட்டாளத்தில் சேர்ந்து அஸ்ஸாம் பக்கம் இருந்தார். ஒரு பொங்கல் லீவுக்கு விருத்தாசலம் வந்தபோது, டிரங்குப் பெட்டியிலிருந்து ஈரச் சாக்கில் சுற்றிய பொட்டலம் ஒன்றை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தார். புடவை என்று நினைத்து நான்தான் முதலில் ஓடினேன். உள்ளே இருந்தது ஒரு செடி. பொட்டு மண் கிடையாது. ஒரு மரக்கட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது, வெள்ளை வெள்ளையாக வேர்கள் வெளியே தொங்கின.

"அங்கல்லாம் இது மரத்து மேலயே வளருதுக்கா. காத்துல இருக்கிற ஈரத்தக் குடிச்சே பொழைச்சிக்கும்" என்றார் மாமா.

மண்ணில்லாமல் ஒரு செடி உயிரோடு இருக்கும் என்பதை என்னால் நம்பவே முடியவில்லை. எங்கள் ஊரில் எல்லோருக்கும் மண்தான் சோறு போட்டது. அப்பா வேலை பார்த்த பீங்கான் பட்டறையில் மண்ணைக் கூழாகக் கரைத்து, அச்சில் ஊற்றி, ஃபியூஸ் கட்டையும் பொம்மையும் செய்தார்கள். அப்பாவின் சட்டையிலிருந்து மண் உதிராத நாளே கிடையாது. அப்படிப்பட்ட வீட்டுக்கு மண்ணே வேண்டாம் என்று ஒரு விருந்தாளி வந்திருந்தது.

மாமா அதைக் கொல்லையில் கொய்யா மரத்தில் கட்டிவிட்டுப் போனார். சித்திரை வெயிலில் மணிமுத்தாற்றில் மணலைத் தவிர வேறொன்றும் மிஞ்சாத நேரத்தில் அது பூத்தது. ஒரே காம்பில், ரோஜா நிறப் புள்ளி வைத்த சின்னஞ்சிறு பூக்கள் நூற்றுக்கணக்கில் நெருக்கி அடித்துக்கொண்டு நரிவால் மாதிரி தொங்கின. தெருவே வந்து பார்த்தது. நான் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போதும் வரும்போதும் அதன்கீழே வாய் பிளந்து நின்றேன்.

அப்பாவுக்குத்தான் ஒரு குறை. இவ்வளவு பெரிய அதிசயத்தைக் கிழிந்த துணியால் மரத்தில் கட்டிவைப்பதா? மச்சான் கொடுத்த செடி, அதுவும் பீங்கான் ஊரில், இப்படியா இருக்க வேண்டும்? முதலாளியிடம் கேட்டு, ஊறுகாய் ஜாடி அச்சில் ஒன்று ஊற்றி எடுத்து, நீலப் பளபளப்புப் பூசி, சூளையில் மற்ற சாமான்களுக்கு நடுவே இடம்பிடித்துச் சுட்டு, தோள்துண்டில் பொதிந்து கைக்குழந்தையைப் போலக் கொண்டுவந்தார். அத்தனை அழகான ஜாடியை எங்கள் வீடு அதற்குமுன் கண்டதில்லை. கரியும் செங்கல் துண்டும் எருவும் போட்டு, அப்பாவே செடியை அதற்குள் குடிவைத்தார்.

ஜாடியின் அடியில் ஓட்டை கிடையாது. அது யாருக்கும் தோன்றவும் இல்லை. எங்கள் ஊரில் ஓட்டை விழுந்த பீங்கானுக்குக் கழிவு என்று பெயர். பட்டறைக்குப் பின்னால் கொட்டிவிடுவார்கள். நல்ல ஜாடியில் யாராவது வேண்டுமென்றே ஓட்டை போடுவார்களா?

கொஞ்ச நாளில் செடி திடீரென்று இளைத்தது. தோல் செருப்பைப் போலத் தடித்திருந்த இலைகள் சுருங்கின, மஞ்சளாயின. தொட்டால் ஒன்று கையோடு வந்தது. "தண்ணி பத்தல" என்றார் அப்பா. வேலைக்குப் போகும்போது ஒரு சொம்பு, வந்ததும் ஒரு சொம்பு, சாப்பிட்டுக் கை கழுவியதும் மனம் கேட்காமல் இன்னொரு சொம்பு ஊற்றினார். ஊற்ற ஊற்றச் செடி இன்னும் சுருங்கியது. பக்கத்து வீட்டு அத்தை பார்த்துவிட்டு, "ஊரு கண்ணு பட்டுடுச்சி, சுத்திப் போடுங்க" என்றாள்.

"கண்ணாவது மண்ணாவது" என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வாய்தான் அப்படிச் சொன்னது. மாமாவிடமிருந்து கடிதம் வந்து வெகு நாளாகியிருந்தது. அந்தப் பக்கம் ஏதோ கலவரம் என்று ரேடியோவில் சொன்னார்கள். ஒவ்வோர் இலை விழும்போதும் அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்து நின்றாள். ஒருநாள் என்னிடம் மட்டும் சொன்னாள்: "இது போச்சுன்னா எனக்கு என்னமோ தம்பியே போன மாதிரிடி." அன்றிலிருந்து அந்தச் செடியைப் பார்க்கவே பயமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா, சவுதியிலிருந்து வந்திருந்த கூட்டாளி ஒருவரைப் பார்க்க மங்கலம்பேட்டைக்குப் போயிருந்தார். அம்மா ஜாடியை இரண்டு கையாலும் தூக்கினாள். தூக்கியவள் அப்படியே நின்றாள்.

அம்மாவும் அதே பட்டறையில்தான் வேலை பார்த்தாள். சூளைக்குப் போகுமுன் பச்சை மண் சாமான்கள் நன்றாகக் காய்ந்துவிட்டனவா என்று பார்ப்பது அவள் வேலை. ஈரத்தோடு உள்ளே போனால் வெடித்துவிடும். அவள் கண்ணால் பார்க்க மாட்டாள். கையில் தூக்கிக் கனம் பார்ப்பாள், பிறகு கன்னத்தில் வைப்பாள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறதென்று பொருள்.

"வாடிக் கெடக்குது. ஆனா இந்தக் கனம் கனக்குதே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஜாடிக்குள் விரல்களை நுழைத்து அடியிலிருந்து ஒரு செங்கல் துண்டை எடுத்துக் கன்னத்தில் வைத்தாள். முகம் மாறியது. விறுவிறுவென்று செடியைப் பிடுங்கினாள். குட்டை நாற்றம் அடித்தது. வேர்கள் பழுப்பாகிக் கொழகொழத்திருந்தன. ஒன்றை விரலால் உருவினாள். மேல்தோல் உறையாகக் கழன்று, உள்ளே நூல் மட்டும் நின்றது.

"தாகம் இல்லடி இதுக்கு. தண்ணியிலயே முங்கிப்போய், குடிக்க வாயே இல்லாம போச்சு."

மருத்துவர்கள் மேல் எனக்குப் பின்னாளில் எவ்வளவோ மரியாதை வந்ததுண்டு. ஆனால் அன்றைக்கு அம்மாவைப் பார்த்து நான் மலைத்த மாதிரி யாரைப் பார்த்தும் மலைத்ததில்லை. கத்தரிக்கோலைத் தணலில் காட்டி, அழுகியதையெல்லாம் வெட்டினாள். வெட்டின இடத்தில் மஞ்சள்தூளை அப்பினாள். தேறிய வேர்கள் மூன்றோ நான்கோதான். பழைய புடவைக் கிழிசலால் செடியைத் திரும்பவும் கட்டையில் கட்டினாள். ஜாடிக்கு வெளியே நீட்டியிருந்து, சாம்பல் நிறத்தில் செத்ததுபோலக் கிடந்த வேரின்மேல் கையால் தண்ணீர் தெளித்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வேர் பச்சையாக மாறியது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒரு செடி தண்ணீர் குடிப்பதை என் கண்ணால் பார்த்துவிட்டேன். அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இருக்குதுடி, உசுரு இருக்குது" என்றாள்.

சாயங்காலம் அப்பா வந்தார். செடி கொய்யா மரத்தில் இருந்தது. ஜாடி கழுவித் துடைத்து, கூடத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி அலமாரியின்மேல் இருந்தது. நடந்ததை அம்மா விளக்கப்போகிறாள் என்று நான் ஆவலாகக் காத்திருந்தேன்.

"செடிக்குக் கண்ணு பட்டுடுச்சிங்க. அதான் மறைவா மரத்துல கட்டிட்டேன். ஜாடி எனக்கு வேணும், கொல்லையில வச்சி வெயில்ல வீணாக்க வேணாம்" என்றாள்.

நான் அதிர்ந்துபோனேன். அழுகலைத் தன் கையால் வெட்டியவள் பேசுகிற பேச்சா இது? அப்பா ஜாடியைக் கையில் எடுத்தார். அடியைத் திருப்பிப் பார்த்தார். உள்ளே கைவிட்டு விரலை மோந்தார்.

"இந்தத் தெருவுல கண்ணுக்கா பஞ்சம்" என்று சொல்லி, ஜாடியை அதே இடத்தில் வைத்தார்.

மாமாவின் கடிதம் பிறகு வந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, எழுதச் சோம்பல், அவ்வளவுதான். செடி புதுவேர் விட்டது. ஒருநாள் அப்பா பளபளப்புப் பூசாத ஒரு மண்தொட்டியைக் கொண்டுவந்து அம்மாவின் முன்னால் வைத்தார். அடியிலும் சுற்றிலும் ஓட்டைகள். ஒவ்வொன்றின் ஓரத்தையும் பச்சை மண்ணிலேயே விரலால் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தது.

"கழிச்சுப் போட்டது. கெடந்துச்சு, எடுத்தாந்தேன்" என்றார் அப்பா.

அம்மா ஓட்டைகளின் ஓரத்தை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். கழிவுக்கும் நல்லதுக்கும் வித்தியாசம் பார்ப்பதே பிழைப்பாக இருந்தவள், "ஆமா, கழிச்சதுதான். நமக்கு ஆவும்" என்று வாங்கிக்கொண்டாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சிரித்தார்கள். எனக்கு அவர்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அந்த வீட்டில் இருவர் சொன்ன பொய்யும் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.