ஒரு கரண்டி ஓமத்தண்ணீர்

பிள்ளையை அழவைத்துப் பார்க்கிற கல்நெஞ்சுக்காரி என்று பெரியமடுவில் எனக்குப் பெயர். ஒரு சொட்டு ஓமத்தண்ணீர்கூடக் கொடுக்க விடமாட்டேன் என்பதுதான் என் குற்றம்.

என் உடம்பில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது. வெளிநாட்டுக்கு உழைக்கப் போன கணவர் கொண்டுவந்து தந்தது. மகள் பிறக்குமுன்பே அவர் போய்ச் சேர்ந்தார். ஈரல் பழுதாகிச் செத்தார் என்று ஊர் நம்பியது. நம்பட்டும் என்று விட்டிருந்தேன்.

கொழும்பு டாக்குத்தர் தெளிவாகத்தான் சொன்னார். பால்மா தடையில்லாமல் கிடைக்குமென்றால் அதை மட்டும் கொடு. இல்லையென்றால் ஆறு மாதத்துக்குத் தாய்ப்பால் மட்டும். இடையில் தண்ணீர்கூட வேண்டாம். வேறெது போனாலும் பிஞ்சுக் குடல் புண்ணாகும், பாலிலுள்ள கிருமி அந்த வழியாக ஏறும். சொல்ல அவருக்கென்ன! உயிலங்குளம் சோதனைச்சாவடியில் ஆமிக்காரர் பால்மா டின்னைத் திறந்து கம்பியால் கிண்டினார்கள். பிறகு பாதையையே பூட்டினார்கள். சண்டை பிடிப்பவர்களுக்குப் பால்மா போய்விடுமாம். என் மகளா துவக்குத் தூக்கினாள்? வேறு வழியில்லாமல் என் பாலையே கொடுத்தேன். கொடுக்கும்போதெல்லாம் பாதையைப் பூட்டியவர்கள்மேல் எரிச்சல் வந்தது.

அதைவிட எரிச்சல் ஊர்ப் பெண்களின் அன்பு. பிள்ளை முனகினால் போதும், ஒருத்தி சீனித்தண்ணீரோடு வருவாள், இன்னொருத்தி தேனோடு வருவாள். என்ன பொய் சொல்லித் தடுப்பது?

ஒருநாள் குளித்துவிட்டு வந்தபோது, கணவரின் அக்கா, என் மச்சாள், பிள்ளையை மடியில் வைத்து வாயருகே ஓமத்தண்ணீர்க் கரண்டியைக் கொண்டுபோயிருந்தார். சுற்றிவர அயல் பெண்கள். ஓடிப்போய்த் தட்டிவிட்டேன்.

"உமக்கென்ன விசரே? பிள்ளை வயித்துக்குத்தில துடிக்குது. என்ர தம்பியின்ர பிள்ளைக்கு நான் ஒரு கரண்டி தண்ணி குடுக்கக் கூடாதோ?"

"உங்கட தம்பிதான் எனக்கு எயிட்ஸ் கிருமியைத் தந்தவர்! அதிலதான் அவரும் செத்தவர். என்ர பாலோட வேற எதுவும் சேர்ந்தா பிள்ளைக்கும் தொத்துமாம். இப்ப குடுங்கோ பாப்பம்!"

மச்சாள் பிள்ளையைப் பாயில் கிடத்திவிட்டுக் கைகளைச் சேலையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

அதன்பிறகு கரண்டியோடு யாரும் வரவில்லை. வெறுங்கையோடும் வரவில்லை. எனக்கு அதுவே வசதியாக இருந்தது, கோபமாகவும் இருந்தது.

பால் மறக்கடித்த பிறகு மகளின் இரத்தத்தைச் சோதித்தார்கள். கிருமி இல்லை. நேரே மச்சாள் வீட்டுக்குத்தான் போனேன். விஷயத்தைச் சொன்னதும், "என்ர கடவுளே" என்று விம்மி அழுதார். தம்பியின் மூக்கு அப்படியே இருக்கிறதென்றார்.

பிள்ளையை அவரிடம் நீட்டினேன். அவர் கை நீளவில்லை.