மலையைப் பார்த்துத் திரும்பிய மைதானம்

செவ்வாய்க்கிழமை காலை தொலைபேசியில் வந்த குரல் சுலோசனா அக்காவின் மகளுடையது. "சித்தி, அம்மா போயிட்டாங்க" என்றாள். "தூக்கத்துலயே போயிட்டாங்க, கஷ்டப்படல" என்று அவள்தான் எனக்கு ஆறுதல் சொல்லவேண்டியிருந்தது. பொதட்டூர்பேட்டையில் திருத்தணி பஸ் ஏறி உட்கார்ந்து அழுதுகொண்டே வந்தவள், நடுவில் ஒருமுறை வாய்விட்டுச் சிரித்தும் விட்டேன். பக்கத்து இருக்கைப் பெண்மணி சற்று நகர்ந்து உட்கார்ந்தார். அவரிடம் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

ஐம்பதுகளில் திருத்தணிப் பெண்கள் சாஃப்ட்பால் ஆடினார்கள் என்றால் இன்று என் பேரன்களே நம்புவதில்லை. மதராசில் உடற்பயிற்சிப் படிப்பு முடித்துவந்த எங்கள் பள்ளியின் விளையாட்டு ஆசிரியை இரண்டு மட்டைகளும் சில பந்துகளும் கொண்டுவந்தார். மலையடிவாரத்து மைதானத்தில் நெல்சாக்கை மடித்துப் போட்டால் அதுதான் பேஸ். பந்தை அடித்தவள் மூன்று பேஸையும் வரிசையாக மிதித்து, அடித்த இடத்துக்கே திரும்பி வந்தால் ஒரு ஓட்டம். தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு ஆடினோம். சுலோசனா அக்கா அணித்தலைவி. முதல் பேஸ் அவருடையது. ஒரு வகுப்பு சின்னவளான நான் அவருக்கு அடுத்து, இரண்டாம் பேஸில் நின்றேன்.

அந்த ஆட்டத்தில் ஓங்கி அடிப்பவளைக்கூடச் சமாளித்துவிடலாம். 'பண்ட்' அடிப்பவள்தான் வில்லி. மட்டையை வீசாமல் குறுக்கே பிடித்து, பந்தைத் தன் காலடியிலேயே பொத்தென்று விழவைத்துவிட்டு முதல் பேஸை நோக்கி ஓடுவாள். அந்தப் பந்தை எடுக்க அக்கா முன்னால் பாய வேண்டும். அவர் விட்டுவந்த பேஸ் காலியாகிவிடும். அங்கே நான் ஓடிப்போய் நின்று, அவர் எறிவதை வாங்க வேண்டும். அடித்தவள் வருவதற்குள் பந்தோடு சாக்கை மிதித்துவிட்டால் அவள் அவுட். அக்கா இதை இப்படிச் சொல்வார்: "நான் வுட்டுட்டுப் போற எடத்துல நீ இருக்கணும். இருக்கிறியான்னு நான் திரும்பிப் பாக்கமாட்டேன்."

சொன்னபடியே அவர் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. ஆரம்பத்தில் பல பந்துகள் ஆளில்லாத இடத்துக்குப் போய், வேலியைத் தாண்டிக் கரும்புக்குள் விழுந்தன. தேடி எடுத்துவருவது என் வேலையாயிற்று.

அரக்கோணத்து ரயில்வே காலனிப் பெண்கள் எங்களோடு ஆட வந்தார்கள். எல்லோர் காலிலும் ஷூ. எங்கள் காலில் நெருஞ்சி முள். ஆனாலும் கடைசிச் சுற்றுவரை சமமாகவே நின்றோம். அவர்களில் ஒருத்தி மூன்றாம் பேஸில் காத்திருக்க, எங்கள் பெண் பந்தை எறிந்த அதே நொடியில் மலைமேல் கோயிலில் சாயங்காலப் பூஜை மணி அடித்தது.

மணிச் சத்தம் கேட்டால் எங்கள் ஊரில் கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு, மலைப்பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொள்வோம். யோசித்துச் செய்வதில்லை. அன்று மலை எங்களுக்கு முதுகுப்புறம் இருந்தது. எட்டுப் பேரும் திரும்பிக்கொண்டோம். அடிப்பவளுக்குப் பின்னால், ஏற்கெனவே மலையைப் பார்த்தே உட்கார்ந்திருந்த கேட்சர் கண்ணை மூடிக்கொண்டாள். அடிக்க வந்தவள் பண்ட் அடித்தாள். பந்து புல்லில் அநாதையாகக் கிடந்தது. நாங்கள் சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பினால், மூன்றாம் பேஸ்காரி ஓடிவந்து ஜெயிக்க வைத்துவிட, அவர்கள் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

ஊரே சிரித்தது. பெற்றோர்கள் பள்ளிக்கு வந்துவிட்டார்கள். அதில் முதல் ஆளாக வந்தவர் அக்காவின் தந்தை. ஏர் பிடித்துக் காய்த்த கையைத் தலைமையாசிரியையின் மேசைமேல் வைத்துக் கேட்டார்: "மணி அடிச்சா கும்பிடணும். கும்பிட்டா தோத்துப்போறீங்க. அப்ப இந்த ஆட்டம் நமக்கு இன்னாத்துக்குங்க?" அரக்கோணத்தாரோடு வைத்திருந்த மறு ஆட்டத்திலும் இப்படி நடந்தால் மட்டைகளை மதராசுக்கே திருப்பி அனுப்பிவிடுவதாகத் தலைமையாசிரியை ஒப்புக்கொண்டார். ஆட்டத்தைக் காலையில் வைக்கவும் வழியில்லை. அரக்கோணத்துப் பெண்கள் வரும் ரயில் மதியத்துக்கு மேல்தான்.

மறுநாள் மைதானத்துக்குப் போனேன். அக்கா சாக்குகளை எல்லாம் பொறுக்கித் தோளில் போட்டுக்கொண்டு எதிர்க்கோடிக்கு நடந்துகொண்டிருந்தார்.

"இன்னாக்கா பண்றீங்க?"

"சாமிக்கு முதுகக் காட்டிகினு நிக்கிறோம். அதனாலதானே மணி அடிச்சா திரும்புறோம்? மைதானத்தயே திருப்பிட்டா?"

மட்டை பிடிப்பவள் நிற்கும் இடத்தை மலைப்பக்கம் கொண்டுபோனார். இனி மலை அவளுக்குப் பின்னால், எங்களுக்கு எதிரே. மலைப்பக்கம் தரை மேடு. முன்பு மேட்டில் ஏறமுடியாமல் நின்றுபோன பந்து, இனிமேல் எங்களை நோக்கி உருண்டுவரும். "கேட்சர் முதுகு மலைக்கு வருதே?" என்றேன். "அவளுக்கும் சேத்து நாம கும்பிட்டுக்கலாம்" என்றார்.

இனி கால்கள் திரும்ப வேண்டியதில்லை, கைகளைப் பழக்குவதுதான் பெரும்பாடு. அக்கா வீட்டுப் பூஜை மணியைக் கொண்டுவந்து நினைத்த நேரத்தில் அடிப்பார். என் கை என்னைக் கேட்காமலே கன்னத்துக்குப் போய்விடும். "கைய வுடுடி! மலையப் பாத்து ஓடு. குனிஞ்சி பந்த எடுத்தா அதுவும் கும்பிடுதான்" என்று கத்துவார்.

மறு ஆட்டம் வந்தது. அக்காவின் தந்தை வேலியோரம் கைகட்டி நின்றார். கடைசிச் சுற்றில் நாங்கள் ஒரு ஓட்டம் முன்னால். அவர்களில் இருவர் அவுட், ஒருத்தி மூன்றாம் பேஸில். இன்னும் ஒருத்தி அவுட்டானால் ஆட்டம் எங்களுடையது. அடிக்க நின்றவள் வேண்டுமென்றே தாமதித்தாள், ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டினாள். எதற்காகக் காத்திருக்கிறாள் என்று எங்களுக்குத் தெரியாதா என்ன?

மணி அடித்தது. அவள் பண்ட் அடித்தாள். அக்கா பாய்ந்துவிட்டார். என் வலது கை கன்னம்வரை வந்தேவிட்டது. கால்கள் மட்டும் எப்படியோ அவர் விட்ட இடத்துக்கு ஓடின. மேட்டிலிருந்து உருண்டுவந்த பந்தை அக்கா குனிந்து அள்ளி, திரும்பிப் பார்க்காமல் பின்னால் எறிந்தார். கன்னத்தருகே இருந்த என் கைக்குள் அது சுளீரென்று வந்து விழுந்தது. சாக்கை மிதித்தேன். ஷூக்கால் அதன்பிறகுதான் வந்தது.

ஜெயித்துவிட்டோம்! ஒன்பது பேரும் மலையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் கத்தினோம்.

வேலியைத் தாண்டி வந்த தந்தை, "மணி அடிச்சப்ப கும்பிட்டியா?" என்று அதட்டினார்.

"ஆங், கும்பிட்டேன் நைனா. குனிஞ்சத நீங்க பாக்கல?"

அவர் மலையைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "கெட்டிக்காரிதான் போ" என்று சொல்லித் தன் மேல்துண்டால் மகளின் முகத்தைத் துடைத்துவிட்டார். மட்டைகள் மதராசுக்குப் போகவில்லை.

பின்னாளில் அக்கா திருமணமாகி, பிள்ளைகளை வளர்த்து, அலுவலக வேலை பார்த்து, சாதாரண வாழ்க்கைதான் வாழ்ந்தார். ஆனால் அந்த மைதானத்தில் இன்றும் எந்தப் பந்தாட்டமானாலும் மட்டை பிடிப்பவர் மலைப்பக்கம்தான் நிற்கிறார். ஏன் என்று அங்கே ஆடுபவர்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை அக்காவைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்குப் போனார்கள். பெண்கள் வாசலோடு நின்றோம். அப்போது மலைமேல் மணி அடித்தது. எல்லோரும் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். என் கை எழவில்லை. அதுவரை அக்கா படுத்திருந்த, இப்போது காலியாகிவிட்ட பந்தலடிக்கு, இந்த வயதில் எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாகப் போய், மலையைப் பார்த்துக் கையை விரித்து நின்றேன்.

நீங்கள் திரும்பிப் பார்க்க வேண்டாம், அக்கா. உங்கள் இடத்தில் நான் இருக்கிறேன். எறியுங்கள்.