வேவுக்காரியின் இடது கண்

பஸ் நிலையத்தின் கடைக்கோடியில், கழிப்பறைக்கும் சைக்கிள் நிறுத்தத்துக்கும் நடுவே, தொலைந்த பொருள்களைத் திருப்பித் தரும் கவுண்டர் ஒன்று உண்டு. இருபத்திரண்டு வருஷமாக அங்கே உட்கார்ந்திருக்கும் அக்காவை யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. குடையைத் தொலைத்தவனுக்குக் குடைதான் கண்ணில் படும்; அதை நீட்டுகிறவள் முகத்தையா பார்ப்பான்?

ஆனால் அதே ஆட்கள், எதிர்ச்சாரிப் புத்தகக் கடையில் அவள் முகத்தை வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய அரண்மனையில் கொலை, களவு, விஷம் என்று எதையும் மோப்பம் பிடித்துவிடும் 'வேவுக்காரி' புத்தக வரிசையின் அட்டையில் இருப்பவள் அவள்தான். அட்டை வரைவது அவளுடைய தம்பி. வேறு பெண்ணை எதிரே உட்காரவைத்து வரைய அவனுக்கு வெட்கம்.

தம்பி கண்ணில் பட்டதை அப்படியே வரைவான். யோசிக்கிற பழக்கமெல்லாம் கிடையாது. பதிப்பாளரோ விளம்பரத்துக்காக அட்டையை முதலில் அச்சடித்துக் கடைகளில் தொங்கவிட்டு, அதற்குப் பிறகுதான் கதையையே எழுதவைப்பார். மூன்றாம் புத்தகத்தின் அட்டையில் அக்காவின் தடுப்பூசித் தழும்பு வந்துவிட்டது. எழுத்தாளர் தலையில் அடித்துக்கொண்டு, அது விஷ அம்பு பாய்ந்த வடு என்று எழுதினார். ஐந்தாவதில் வாட்ச் கட்டிய வெளிறிய தடம். பாவம் வேவுக்காரி, கை விலங்கோடு ஒரு வருஷம் சிறையில் கிடக்க வேண்டியதாயிற்று.

ஒன்பதாவது அட்டைக்காகத் தம்பி பாயை விரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

"படுத்துக்கோ அக்கா. கண்ணை மூடிக்கோ. இதுல நீ செத்துப்போற."

"நானா? எதுக்குடா?"

"எழுத்தாளருக்கு அலுத்துப்போச்சாம். இதோட முடிச்சுட்டு சமையல் புத்தகம் எழுதப் போறாராம்."

வேவுக்காரி போய்விட்டால் அக்காவுக்கு மிச்சம் குடைகளும் ஒற்றைச் செருப்புகளும்தான். எத்தனை கொலைகாரர்களைக் கையும் களவுமாகப் பிடித்தவள்! அவளை ஒரு குழம்புக்காகச் சாகடிப்பதாவது! அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பிணம் அழக்கூடாதே என்று அடக்கிக்கொண்டாள்.

தம்பி எப்போதும் பாதத்தில் தொடங்கித்தான் மேலே போவான். முழங்காலுக்கு வரவே ஒரு மணி நேரம் ஆனது. அக்கா உத்தமமான பிணமாகக் கிடந்தாள். நெற்றியில் ஈ உட்கார்ந்தது, அசையவில்லை. "கழுத்து முடிஞ்சுது" என்று அவன் தனக்குத்தானே முனகியதும், இடது கண்ணை மட்டும் பாதி திறந்தாள். தம்பி பார்த்தான், வரைந்தான். கருமணியில் மின்னிய ஜன்னல் வெளிச்சத்தைக்கூட விட்டுவைக்கவில்லை.

பதிப்பாளர் தலைப்பில் பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு அச்சுக்கு அனுப்பினார். ஐயாயிரம் அட்டைகள் அச்சாகி, கடைக்குக் கடை தொங்கிய பிறகு எழுத்தாளர் மூச்சிரைக்க வீட்டுக்கு ஓடிவந்தார்.

"ஏம்ப்பா, செத்தவ எங்கேயாவது ஒத்தைக் கண்ணால வேடிக்கை பார்ப்பாளா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது சார். திறந்திருந்துச்சு, வரைஞ்சேன்."

உள்ளே அக்கா, காதில் எதுவும் விழாதவள் போல வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

புத்தகம் வெளிவந்தது. வேவுக்காரி செத்ததுபோல் நடித்து, சுற்றி நின்று அழுதவர்களில் கண்ணீரே வராத ஒருத்தனை அந்த ஒற்றைக் கண்ணால் கண்டுபிடித்து, படுத்த இடத்திலிருந்தே எட்டி அவன் காலைப் பிடித்துவிட்டாள். இரண்டே வாரத்தில் அத்தனை பிரதியும் தீர்ந்துபோயிற்று.

அடுத்த மாதம் கவுண்டருக்கு எழுத்தாளரே வந்து நின்றார். அக்கா வழக்கம்போல அலமாரிப் பக்கம் திரும்பினாள்.

"குடைக்கு வரலைங்க." அவர் அவள் முகத்தையே பார்த்தார். அதிலும் இடது கண்ணை. "பத்தாவது அட்டையில நீங்க என்ன பண்ணப் போறீங்கன்னு இப்பவே சொல்லிட்டா, கதை யோசிக்க வசதியா இருக்கும்."

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், பின்னால குடைக்காரர் நிக்கிறாரு," என்றாள் அக்கா. "யோசிச்சுச் சொல்றேன்."