கவலைப்படுகிறவருக்கு வேலை உண்டா?

ஹைதராபாத் வந்த புதிதில் எனக்குப் பிடிபடாத சொல் 'ஹவ்'. நேர்காணலுக்கு வந்தவரிடம், முன் அனுபவம் உண்டா என்று என் ஓட்டை இந்தியில் கேட்பேன். "ஹவ்" என்பார். ஆங்கிலத்தில் 'எப்படி' என்று கேட்கிறாராக்கும் என நினைத்து, கேள்வியை விளக்கத் தொடங்குவேன். அவர் இன்னும் அழுத்தமாக "ஹவ்" என்பார். இங்கே அதற்கு 'ஆமாம்' என்று பொருள் எனத் தெரியவே ஒரு வாரம் ஆனது. ஒருவர் சொல்லும் ஆமாமைக்கூடப் புரிந்துகொள்ளத் தெரியாத நான், ஆள் தேர்வு செய்யும் அதிகாரியாக ஈரோட்டிலிருந்து வந்திருந்தேன்.

போவன்பள்ளி காய்கறிச் சந்தைக்கு அருகில் எங்கள் குளிர்பதனக் கிடங்கு. இந்த வருடம் ஒரு மேற்பார்வையாளர் வேலைக்கு ஆள் எடுத்தோம். முதலில் கம்ப்யூட்டரில் உளவியல் தேர்வு. நூற்றுக்கும் மேற்பட்ட வாக்கியங்களுக்கு ஆம், இல்லை என்று பதில் சொல்ல வேண்டும். ஒப்பந்த ஊழியராக இருந்த கலாவதியும் எழுதினார். அவருடைய தாத்தா காலத்திலேயே ரயில்வே பட்டறை வேலைக்காக இங்கு வந்துவிட்ட தமிழ்க் குடும்பம். தேர்வு முடிவு வந்தது: 'மன உறுதி குறைவு. பொறுப்பான பதவிக்கு ஏற்றவர் அல்ல.'

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன கோடையில் கிடங்கில் அமோனியா கசிந்தபோது எல்லோரும் முன்வாசலுக்கு ஓடினார்கள். காற்று அந்தப் பக்கம்தான் வீசியது. துணியை நனைத்து மூக்கில் கட்டச்சொல்லி, பின்வாசல் வழியாக அத்தனை பேரையும் வெளியே கொண்டுவந்தவர் கலாவதி. நான் மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவருடைய பதில்களைப் பார்த்துவிட்டு, அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "'நான் அடிக்கடி கவலைப்படுவேன்'கிறதுக்கு ஏங்க ஆம்னு போட்டீங்க?"

"ஹவ் மேடம், படுவேனே. ரூமைப் பூட்டறதுக்கு முந்தி உள்ள யாராச்சும் மாட்டிக்கினாங்களான்னு ரெண்டு வாட்டி பாப்பேன். வேணாம், நக்கோன்னா போயிடுமா அந்தக் கவலை? இல்லைன்னு பொய் சொல்லணுமா?"

அதை அப்படியே மேலாளர் ராவிடம் சொன்னேன். தெலுங்குக்காரர், நல்ல மனிதர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தம்மா தமிழ்தானே மேடம்?" என்றார்.

அவர் எதை நினைத்துக் கேட்டார் என்று எனக்குத் தெரியும். இரண்டு வருடங்களுக்கு முன் எங்கள் ஈரோட்டுப் பக்கத்துக் கோபிக்காரர் ஒருவர் வேலைக்கு வந்தார். சட்டென்று கோபப்படுவார் என்றது இதே தேர்வு. "ஏனுங்க்கா" என்று அவர் பேசிய பேச்சில் காது குளிர்ந்துபோய், தேர்வை ஒதுக்கிவிட்டு எடுத்துக்கொண்டேன். மூன்றாம் மாதம் ஒரு சுமைதூக்கும் தொழிலாளியைக் கன்னத்தில் அறைந்தார். இப்போது நான் வாதாடுவது கலாவதியின் திறமைக்காகவா, அவருடைய தமிழுக்காகவா? இரண்டு நாள் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பழைய கோப்புகளையெல்லாம் எடுத்து, தேர்வு சொன்னதையும் ஆட்கள் பிறகு நடந்துகொண்டதையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். கோபத்தைப் பற்றி அது சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. கவலையைப் பற்றிச் சொன்னது தப்பு. கவலையே இல்லை என்று எழுதியவர்களில் சிலர்தான் குளிரறைக் கதவைத் திறந்துபோட்டுப் போனவர்கள்.

தேர்வைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. அதோடு எல்லோருக்கும் அரைநாள் வேலை கொடுத்துப் பார்க்கலாம், மதிப்பெண் போடுகிறவர்களுக்குத் தமிழ் தெரியக்கூடாது, நானும் அந்தப் பக்கம் வரமாட்டேன் என்றேன். ராவ் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். அந்த அரைநாள் என் அறைக்குள் எத்தனை முறை நடந்தேனோ. ஒருவேளை கலாவதி தோற்றுவிட்டால், தேர்வு சொன்னதுதான் சரி. மறுபடியும் என் காதுதான் என்னை ஏமாற்றியிருக்கும்.

கலாவதி முதலாவதாக வந்தார்.

உத்தரவு வந்த அன்று கேன்டீனில் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து, "சந்தோஷங்க!" என்றேன். பக்கத்து மேசையில் பேச்சு நின்றது. அவர் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி தெலுங்கில் சொன்னார்: "தேங்க்ஸ் மேடம். ரேப்பட்டி ஷிஃப்ட் நாதே கதா?" நாளைக்கு ஷிஃப்ட் எனக்குத்தானே என்று வேலையைக் கேட்டார். முகம் சுருங்கிப் போனேன். தமிழால் கிடைத்த வேலை என்று யாரும் சொல்லிவிடாதபடி அவர் செய்ததுதான் சரியென்று உட்கார்ந்து யோசித்த பிறகு புரிந்தது.

அன்றிலிருந்து கிடங்குக்குள் எங்களுக்குள் தெலுங்குதான். மாலையில் வீட்டுக்குப் போகும் அல்வால் பஸ்ஸில் எனக்கும் இடம் பிடித்து வைத்திருப்பார். சந்தை வாசலைத் தாண்டியதும் அவர் தமிழில் ஆரம்பிப்பார். அதற்குள் நான் தெலுங்கில் பாதி வாக்கியம் பேசியிருப்பேன். மீதியை எந்த மொழியில் முடிப்பதென்று தெரியாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.