கைக்கட்டு

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் மூட்டை தூக்குவார். ஞாயிறு மாலை ராயபுரத்துக் கொட்டகையில் குத்துச்சண்டை போடுவார். கையுறைக்குள்ளே மணிக்கட்டைச் சுற்றித் துணி கட்ட வேண்டும். என் பழைய புடவையைக் கிழித்து நான்தான் கட்ட வேண்டும், வேறு யார் கட்டினாலும் அவருக்கு ஆகாது. ஜெயித்தால் அவர் கை ராசி. தோற்றால் என் புடவை மட்டம்.

ஒரு கப்பல்காரன் அவருக்கு வெள்ளை மாத்திரை கொடுத்தான். யுத்தத்தில் சிப்பாய்கள் தூங்காமல் இருக்கத் தின்றதாம். அதைப் போட்டுக்கொண்டு குத்துப் பழகப் போனவர் களைப்பே தெரியவில்லை என்று குதித்தார். வீட்டுக்கு வந்தும் சோறு வேண்டாம், தூக்கம் வேண்டாம். "நெஞ்சுல கை வச்சுப் பாருமே, இன்ஜின் கணக்கா ஓடுது. பலம்மே!" என்றார். தொட்டுப் பார்த்தேன். எனக்கு அது பலமாகப் படவில்லை.

ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். "பலமில்லேப்பா. களைப்புங்கறது உடம்பு போடற பிரேக்கு. மாத்திரை அதை மறைச்சிடும். நீ நிறுத்தாம அடிச்சுக்கிட்டே இருப்பே, இதயம் தாளம் தப்பி மேடையிலேயே நின்னுடும்" என்றார் டாக்டர். இவர் பூம்பூம் மாடாகத் தலையாட்டினார். மிச்ச மாத்திரையைக் கடலில் போட்டதாகச் சொன்னார். நம்பினேன்.

அடுத்த சண்டை எண்ணூர்க்காரனோடு. பெண்கள் கொட்டகைக்குள் போவதில்லை. பின்பக்கம் உட்கார்ந்துதான் கட்டினேன். மணிக்கட்டுக்கு வந்ததும் என் விரலுக்கடியில் நாடி தடதடத்தது. இன்னும் ஒரு குத்துகூட விடாத மனுஷன்.

"துன்னுட்டியாய்யா?"

"ஒண்ணே ஒண்ணுமே. சீக்கிரம் கட்டு, கூப்புடுறாங்க."

கட்டியதைப் பிரித்து மடியில் சுருட்டிக்கொண்டேன். "உனுக்குக் கப்பு, எனுக்கு வெள்ளப்பொடவையா? கட்ட மாட்டேன், போ."

கத்தினார், கெஞ்சினார். கூட்டாளி ஒருவர் வேறு துணி கொண்டுவந்தார். இவர் கையை நீட்டினார், பிறகு இழுத்துக்கொண்டார். ராசியில்லாத கட்டோடு மேடையேற அவருக்குத் துணிச்சல் வரவில்லை. எண்ணூர்க்காரன் நின்ற இடத்திலேயே ஜெயித்தான். பேட்டை முழுக்க என்னைத் திட்டியது, திட்டட்டுமே.

கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டு திரிந்தார். ஒருநாள், கடலில் போட்டதாகச் சொன்ன மாத்திரைப் பொட்டலத்தை அவராகவே என்னிடம் தந்தார். அடுப்பில் போட்டேன்.

அப்புறம் நான் கட்டிவிட, அதே எண்ணூர்க்காரனோடு மாத்திரையில்லாமல் மோதினார். நன்றாக உதை வாங்கித் தோற்றார். கண் வீங்கி வந்தவர், வஞ்சிர மீன் குழம்பைத் தட்டு நிறையப் போட்டுச் சாப்பிட்டார். "பொடவை மட்டம்மே" என்று திட்டிவிட்டுப் படுத்தார், குறட்டை கிளம்பியது.

மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தேன். நாடி நிதானமாக நடந்தது. அவர் ஜெயித்த எந்த ஞாயிற்றுக்கிழமையும் எனக்கு அத்தனை சந்தோஷம் தந்ததில்லை.